நீலக் கார்டு

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் உழைத்து, மலேசியாவின் ரிங்லெட்டில் வாங்கிய வீடு என் வீட்டுக்காரரின் அண்ணன் பேரில் இருந்தது. வீட்டுக்காரர் இறந்ததும், "பேரு என்னுது, வீடும் என்னுது, கிளம்பு" என்றார் மூத்தார்.

கோர்ட்டில் எனக்காக நின்ற வக்கீலம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். மூத்தாரிடம் அவர் சத்தமே போடவில்லை.

"உங்க பேர்ல ஏன் வாங்கினாங்க ஐயா?"

மூத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். "தம்பிக்குச் சிவப்பு கார்டு லா. குடியுரிமை இல்லாதவனுக்கு யாரு வீடு கொடுப்பா? நம்மகிட்ட நீலக் கார்டு!"

"அப்போ தம்பிக்காக வாங்கினது?"

"பின்னே?" என்றவர் சட்டென்று தன் வக்கீல் பக்கம் திரும்பினார்.

ஒருவர் பேரில் இருந்தாலும் அது இன்னொருவருக்காகப் பாதுகாத்து வைத்த சொத்துதான் என்பது சட்டத்துக்கும் தெரியுமாம். வீடு எனக்கே என்று தீர்ப்பானது. தோட்டத்துத் துரைக்குக்கூடக் கும்பிடு போடாதவள், அன்றைக்கு அந்தச் சின்னப் பெண்ணைக் கும்பிட்டேன்.

"வீட்டுக்குப் போங்கம்மா" என்றார்.