மச்சானை நீலமாக்கிய வாளி

டாலரன்ஸ் என்றால் பொறுமை, இதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம். படம் திருத்தும் மென்பொருளில் வண்ணம் ஊற்றுகிற வாளியைத் தொட்டதும் அந்தச் சொல் ஓர் எண்ணோடு வந்து நின்றது. பொறுமை எனக்கு ஜாஸ்தி என்ற மிதப்பில் எண்ணை எக்கச்சக்கமாக ஏற்றிவிட்டேன். கொஞ்சம் மாறிய நிறத்தையும் 'இதுவும் அதுதான்' என்று வாளி சேர்த்துக்கொள்வதற்கான அளவு அது என்பது, மச்சான் நீலமான பிறகுதான் விளங்கியது.

மச்சான் என்பவர் என் மனைவியின் அண்ணன். ஆதம்பாக்கத்து ஆள். அவருக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகையில் ஜோடியாகப் படம் போட வேண்டும். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு ஒரு வியாதி, கேமராவைக் கண்டால் கண் மூடிக்கொள்ளும். முதல் கல்யாண ஆல்பம் முழுக்கத் தூங்குகிறார். கண் திறந்திருக்கும் ஒரே படம், சில வருஷம் முன்னால் மயிலாப்பூர் குளத்தோரம் அவர்கள் மகள் செல்போனில் எடுத்தது. அதிலும் பின்னால் ஒரு வெள்ளை லாரி. மச்சான் தலைக்கு நேர் மேலே கொட்டை எழுத்தில், 'கழிவுநீர்'.

"அந்த லாரிய மட்டும் தூக்கிடு மாப்ள. சாயங்காலம் தி.நகர்ல பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்."

சொல்லிவிட்டு, ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டிலேயே, என் நாற்காலிக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த மென்பொருள் எனக்குத் தெரியும் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தேன். தெரியும், பெயர் தெரியும்.

வாளியில் வான நீலத்தை எடுத்துக்கொண்டேன். 'ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும் நிரப்பு' என்ற கட்டத்தில் ஒரு டிக் இருந்தது. கஞ்சத்தனமாகப் பட்டதால் அதை எடுத்துவிட்டு லாரியின் மேல் ஒரு க்ளிக்.

லாரி நீலமாயிற்று. கூடவே மச்சானின் சட்டை, வேட்டி, நெற்றி விபூதி, பல்வரிசை. அக்காவின் தலையில் மல்லிகையும் நீலம். 'கழிவுநீர்' மட்டும் கறுப்பாக, முன்பைவிடத் தெளிவாக.

"இன்னா மாப்ள, இங்க் பாட்டில்ல முக்கி எடுத்தா மாதிரி கீறேன்," என்றார் மச்சான்.

அக்கா திரைக்கருகே குனிந்தார். "தம்பி, என் கண்ணு?"

விழியின் வெள்ளையும் நீலமாகியிருந்தது. அவர் குரலில் கேலி இல்லை. "இதுவும் போச்சுன்னா என்கிட்ட வேற படமே இல்ல."

அவசரமாக அன்டூ அழுத்தினேன். விழியில் வெள்ளை திரும்பியது. எனக்கு மூச்சு திரும்பியது. எண்ணைக் குறைத்தேன். டிக்கைத் திரும்பப் போட்டேன். அப்படியும் வெள்ளைச் சட்டை வெள்ளை லாரியைத் தொடுகிற தோள் வழியாக நீலம் உள்ளே கசிந்தது. மழைக்காலத்தில் வாசலில் மணல்மூட்டை அடுக்குகிற மாதிரி, தோளைச் சுற்றி பிரஷ்ஷால் ஒரு நீலக்கோடு இழுத்துவிட்டு, வெளிப்பக்கமாக வாளியைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை. வாழ்க்கையில் இவ்வளவு திருப்தியாக எதையும் நான் அடைத்ததில்லை.

எழுத்துகள் பாக்கி. கறுப்பை வாளி சீண்டாது என்பதால் பிரஷ்ஷாலேயே தேய்த்தேன். பிரஷ் கொஞ்சம் தடிமன். 'கழிவுநீர்' போனது. அதையொட்டி இருந்த மச்சானின் முன்முடியும் பாதி போனது.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதையே குடுத்துடலாம். கண்ணு எவ்ளோ பளிச்சுனு இருக்கு."

"அடியே, என் தலையப் பாரு," என்றார் மச்சான். "சொட்டை ஆக்கி உட்டுட்டான்."

வெற்றி மிதப்பில் எனக்குத் தாராள மனசு வந்தது. பிரஷ்ஷில் கறுப்பைத் தொட்டுக்கொண்டு கேட்டேன்: "மச்சானுக்கு நாலு முடி வரைஞ்சு விட்டுடவாக்கா?"

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிஜத்துலயே இல்ல, விடுங்க தம்பி."