எப்போதும் நானே நோயாளி

மலை மீட்புத் தொண்டர் குழுவில் சேரப்போகிறேன் என்றதும் மனைவி கேட்டாள்: "வாவிக்கரையில இருந்துகொண்டு எந்த மலையில போய் ஆரை மீட்கப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். தன்னாமுனையில் எங்கள் வாசலில் நின்று பார்த்தால் உயரமாகத் தெரிவது ஒரு தண்ணீர்த் தாங்கியும் பதினாறு தென்னைகளும். ஆனால் செங்கலடியால் பதுளை வீதியில் மேற்கே போனால், வயல் வட்டைகள் முடிகிற இடத்தில் பாறைகள் எழும்பும். விடுமுறை நாட்களில் பொடியன்கள் படம் பிடிக்க ஏறுவார்கள். சிலருக்கு இறங்கத் தெரியாது. அதற்காகத்தான் இந்தக் குழு.

குழுத் தலைவருக்குக் காத்தான்குடியில் இரும்புக்கடை; இளையவர்களுக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன். அதற்கு முன் வளைகுடா நாட்டில் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கி வேலை செய்தவர். என் வயது எழுபத்தொன்று என்று கேட்டதும் யோசித்தார்.

"நீங்க எத்தனை கிலோ, சேர்?"

"நாற்பத்தொன்பது."

அவர் முகம் மலர்ந்தது. ஏன் என்பது முதல் பயிற்சியிலேயே விளங்கிற்று. ஸ்ட்ரெச்சரில் கட்டிப் பாறையிலிருந்து இறக்க ஒரு நோயாளி வேண்டும். ஒன்பது பேரில் நான்தான் ஆக லேசான ஆள்.

முதல் ஐந்து பயிற்சியிலும் நானே நோயாளி. காப்பாற்றுவதற்கென்று சேர்ந்தவனை எல்லோரும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடிக்கக் கேட்டால், "அடுத்த கிழமை பார்ப்பம் சேர்" என்பார் தலைவர். ஆறாவது பயிற்சியோடு மேலே கயிற்றைப் பிடிப்பவர்களைத் தெரிவு செய்யப்போவதாகவும், மற்றவர்கள் கீழே நின்று உதவலாம் என்றும் சொல்லியிருந்தார். கீழே நிற்பவர்களில் ஒருவனாகிவிடுவேனோ என்று எனக்கு நித்திரையில்லை.

அந்த ஆறாவது நாளும் பாறை விளிம்பில் என்னைப் படுக்க வைத்துப் பட்டிகளை மாட்டினார்கள். ஆறு பட்டி. எண்ணினேன். கொழுக்கிகளையும் எண்ணினேன். பெரியகல்லாற்று மீனவத் தம்பி, குழுவில் அவன்தான் ஆகப் பலசாலி, கயிற்றைப் பாலை மரத்தில் கட்டிக்கொண்டே கேட்டான்:

"ஐயா, இண்டைக்கு என்ன வருத்தம்?"

"முதுகு முறிவு."

"போன கிழமை கால். இப்படியே போனா உங்களில முறிய ஒண்டும் மிஞ்சாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மல்லாந்து கிடப்பவனுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? மரத்தைப் பார்த்தேன். மூன்று சுற்று இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதன்மேல் ஒரு வளையம். மிச்ச நுனி தரையில், எல்லோரும் நடக்கிற வழியில் கிடந்தது.

"நிப்பாட்டுங்க."

"பட்டி இறுக்குதா சேர்?" என்றார் தலைவர்.

"பட்டி ஆறும் சரி. மரத்துக் கட்டுத்தான் சரியில்ல."

மீனவத் தம்பி சிரித்தான். "ஐயா, இந்தக் கட்டில எண்ட தோணி எத்தனை காத்துக்கு நிண்டிருக்கு!"

"ஓம். நுனியில இழுத்தா?"

அவன் தரையில் கிடந்த நுனியைத் திரும்பிப் பார்த்தான்.

வாவியில் தோணியைக் கரைக் கம்பில் அப்படித்தான் கட்டுவார்கள். ஒரு கையில் துடுப்பு இருக்க, மற்றக் கையால் நுனியை இழுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். தினமும் செய்கிற வேலை. பகிடி விட்டபடி நின்றவனின் கை அதையே கட்டிவிட்டது.

தலைவர் என்னை விளிம்பிலிருந்து பின்னால் இழுக்கச் செய்தார். பிறகு நுனியைக் காலில் கொளுவி ஒரு இழுப்பு இழுத்தார். கயிறு மரத்தை விட்டுத் தரையில் விழுந்தது.

"நானா, கை தன்ட பாட்டில கட்டிப்போட்டுது," என்றான் அவன் தலைவரிடம். குரல் இறங்கியிருந்தது.

"கட்டினதை இன்னொராள் பார்க்க வேணுமெண்டு நான் சொல்லியிருக்கோணும்," என்றார் தலைவர். தானே மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மீனவத் தம்பி வந்து என் பட்டிகளைக் கழற்றினான்.

"எழும்புங்க ஐயா. நான் படுக்கிறன்."

"நீ எழுபத்தெட்டுக் கிலோவடா தம்பி."

"அதுக்கென்ன, இறுக்கிப் பிடிங்க."

தலைவர் தன் கையுறைகளைக் கழற்றி நீட்டினார். போட்டுக்கொண்டேன்; விரல் நுனிகளைத் தாண்டி ஓரங்குலம் தொங்கின. கயிற்றில் மூன்றாவது ஆளாக என்னை நிறுத்தினார்.

ஸ்ட்ரெச்சர் விளிம்பைத் தாண்டியதும் ஒரு மனிதனின் பாரம் முழங்கை வரை வந்து சேர்ந்தது.

"மெல்ல ஐயா!" கீழிருந்து குரல் வந்தது. "எனக்கு மூண்டு புள்ள!"

காலைப் பாறையில் ஊன்றிக்கொண்டேன். "விடுங்க" என்றார் தலைவர். அரை அடி விட்டோம். "பிடிங்க" என்றார். பிடித்தோம்.