டொலறஸ் கேட்காத கேள்வி

ஜெல் போத்தலைச் சுடுதண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, முதலில் தன் முழங்கையில் ஒரு துளி விட்டுப் பார்க்கிறார் டொலறஸ். சூடு சரி. "இண்டைக்கு இது பதினோராவது வயிறு," என்கிறார், கொட்டாவியை அடக்கியபடி. லண்டன் மருத்துவமனை ஒன்றில் பத்தொன்பது வருடமாக இருபதாவது வார ஸ்கேன் எடுக்கிறார். கருவியை அழுத்தி அழுத்தி வலது தோள் போய்விட்டது. மன்னார்க் குரல் மட்டும் போகவில்லை.

"ஆம்பிளையோ பொம்பிளையோ?" என்று அவசரப்படும் கணவன்மாருக்கு ஒரே பதில்தான்: "முதல்ல இதயத்தில நாலு அறையும் இருக்கோ எண்டு பாப்பம். பேர் பிறகு வைக்கலாம்." முடிந்ததும் டிஷ்யூவைத் தாயின் கையில் திணிப்பார். "நீங்களே துடையுங்கோ பிள்ளை, எனக்குக் கை ஏலாது."

ஏதாவது கோளாறு தெரிந்தால் நெடுநேரம் உற்றுப் பார்க்கவேண்டும். அந்த மௌனம் தாய்மாரைக் கொன்றுவிடும். அதனால், "வீட்டில இண்டைக்கு என்ன சமையல்?" என்று கேட்டு, அவர்களைப் பேசவிட்டுவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். நம் பெண்கள் லேசுப்பட்டவர்களா? தேவாலயத்தில் பூசை முடிந்து நிற்கும் இடமெல்லாம் கதை பரவிவிட்டது: டொலறஸ் சமையல் கேட்டால் பிள்ளைக்கு ஏதோ இருக்கிறது. போன வருடம் ஒருத்தி அந்தக் கேள்விக்கே எழுந்து உட்கார்ந்து அழுதாளாம். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை; கவிழ்ந்து கிடந்ததால் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். அன்றோடு கேட்பதை விட்டார். "இப்ப கேக்கவும் ஏலாது, சும்மா இருக்கவும் ஏலாது," என்று என்னிடம் சலித்துக்கொண்டார்.

போன செவ்வாய், என் பக்கத்து வீட்டு அனோஜினிக்குத் துணையாகப் போனேன். கணவனுக்கு ஷிப்ட். ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை. முதுகெலும்பு, விரல்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்த டொலறஸ், இதயத்தில் நின்றார். வாய் ஒருமுறை திறந்து மூடியது.

அனோஜினி கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்கள் பாருங்கோ அக்கா. நான் சொல்லுறன். இண்டைக்குப் புட்டு. கத்தரிக்காய்ப் பால்கறி. முட்டையும் பொரிச்சனான்..."

நிறுத்தவே இல்லை. நேற்றைய சமையலும் முடிந்து, முந்தாநாள் மீன்குழம்புக்கு வந்தபோதுதான் டொலறஸ் கருவியை வைத்தார். "பிள்ளை, இதயத்தில ஒரு பக்கம் சின்னனாத் தெரியுது. பெரிய டொக்டர் ஒருக்காப் பாக்கவேணும். நானும் கூட வாறன்."

அனோஜினி டிஷ்யூவுக்குக் கை நீட்டினாள். டொலறஸ் கொடுக்கவில்லை. ஏலாத அந்தக் கையாலேயே துடைக்கத் தொடங்கினார்.