நான் புரொபசர் வேஷம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

போன வருடம், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோலார் தங்கவயல், ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு முன்னறையில் ஒரு புரொபசர் உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை, நான்தான். பங்காரப்பேட்டை ஹார்டுவேர் கடையில் ஆணியும் கீலும் எடுத்துக் கொடுக்கிறவனுக்கு, மனைவியின் மூக்குக்கண்ணாடியை மாட்டியதும் பதவி உயர்வு கிடைத்துவிட்டது.

என் மகள் தினமும் ரயிலில் பெங்களூரு போய் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். மறுநாள் வகுப்பில் ஒரு நாவலை அலசிப் பேச வேண்டும். மனநோயில் விழுந்து எழும் ஒரு இளம்பெண்ணின் கதை. எழுதிய அம்மாள் தான் பட்டதையே பாதிக்கு மேல் எழுதியிருக்கிறாராம். வீட்டில் ஒருமுறை பேசிப் பார் என்று சொன்னது நான். குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவதற்காகவே, அவளுக்குத் தெரியாமல் நாவலை முழுக்கப் படித்து வைத்திருந்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவிடமிருந்து எனக்கு வந்த ஆங்கிலம் ஷிஃப்ட், கேஜ், லெவல். மீதிக்கு போனில் அகராதி. பெற்ற மகளைக் கலாய்க்க இவ்வளவு உழைத்த தகப்பன் இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான்.

ஆரம்பித்தாள்.

"சத்தமா மா! பின்பெஞ்சுக்குக் கேக்கல."

பின்பெஞ்ச் என்பது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி. "எல்லாம் கேக்குது. நீங்க சும்மா இருந்தா இன்னும் நல்லா கேக்கும்" என்றாள்.

மகள் நன்றாகவே பேசினாள். நாயகி ஏன் தோழிகளிடமிருந்து ஒதுங்குகிறாள், சிரிப்பது போல் இருப்பதே அவளுக்கு எவ்வளவு களைப்பு என்றெல்லாம் தாளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் தாளை மடியில் வைத்துவிட்டாள்.

"காலையில எல்லார் மாதிரியும் கெளம்பி ரயில் ஏறுறா. பாதி வழியில ஒரு சின்ன ஸ்டேஷன்ல எறங்கிடுறா. சாயந்தரம் வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்துகினு இருக்கா. அப்புறம் வீட்டுக்கு வந்து, கிளாஸ் நல்லா போச்சுன்னு சொல்றா. வீட்ல யாருக்கும் தெரியல. எப்பவும் போல எல்லாரும் சிரிச்சிகினு இருக்காங்க."

எனக்கு ஒரே குஷி. மாட்டினாள்! அந்த நாவலில் ரயிலே கிடையாது. நாயகி விடுதியில் தங்கிப் படிக்கிறவள், வகுப்புக்கு நடந்தே போவாள். 'எந்தப் பக்கம், மேடம்?' என்று கேட்கப் போனேன். அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். மடியிலிருந்த தாளின் ஓரத்தைத் துணுக்குத் துணுக்காகக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

நாக்கு நுனி வரை வந்த ஜோக்கை நான் விழுங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கண்ணாடியைக் கழற்றினேன். "எந்த ஸ்டேஷன் மா?"

கதையில் வருகிற ஸ்டேஷன் என்று சொல்லி அவள் தப்பித்திருக்கலாம். "டேக்கல்" என்றாள். அவள் தினமும் பெங்களூரு போகிற வழியில் இருக்கிற ஸ்டேஷன்.

"இன்னாடி சொல்ற?" மனைவி எழுந்தே விட்டாள்.

"வாரத்துல ரெண்டு மூணு நாள் மா. காலேஜ் கேட்டை நெனச்சாலே நெஞ்ச அடைக்குது. எனக்கு இன்னா ஆச்சின்னே தெரியல." என் பக்கம் திரும்பினாள். "சொன்னா நீங்க ஜோக்கடிப்பீங்கன்னு பயம் ப்பா."

"அடிச்சிருப்பேன்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு ரயில் ஏறினேன். டேக்கலில் எழுந்தாள், நானும் இறங்கினேன். அவள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்டவாளத்துக்கு அப்பால் பாறையாகக் கிடந்தது. சாவு வீட்டில்கூட வாய் ஓயாத எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஏதாவது பேசுங்கப்பா. நீங்க கம்முனு இருந்தா இன்னும் பயமா இருக்கு."

பேசினேன். ரொம்ப மட்டமான ஜோக் ஒன்று. அவள் சிரிக்கவில்லை, ஆனால் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அந்த வாரமே மனநல டாக்டரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார், அவளை நிறையப் பேசவும் வைத்தார். ஒரு செமஸ்டர் போயிற்று, போகட்டும். இப்போது மறுபடி காலேஜுக்குப் போகிறாள். முடியாத நாளில் டேக்கலில் இறங்கி எனக்கு போன் செய்கிறாள். ஆணி கேட்டு வந்தவரைக் காக்க வைத்துவிட்டு நான் பேசுகிறேன்.

யாராவது கதை சொல்லும்போது அதில் இல்லாத ஒன்று வந்து விழுந்தால், தப்பைப் பிடித்துவிட்ட குஷி எனக்கு இன்றும் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதெல்லாம் திருத்தாமல், அப்புறம் இன்னா ஆச்சு என்று மட்டும் கேட்கிறேன்.