முதல் நிலைக்கு இறக்கிவிடக் கேட்டேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினான்கு வயதில் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில், இரும்பு கடைகிற லேத் முன்னால் நின்றேன். இருபது வயதில், நான் கடைந்த ஷாஃப்டை அளந்து பார்க்க வேண்டியதில்லை என்று முதலாளியே சொல்வார். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் கனடா வந்த காலத்து மாண்ட்ரியலில் தமிழ் டாக்டர்கள் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள். லேத் ஓட்டுகிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எழுபதுகளின் தொடக்கம். மாண்ட்ரியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் பகுதி ஃபோர்மேன் கோடைக்கு முன் ஓய்வு பெறுவதாக இருந்தார். இலையுதிர் காலத்தில் ஒருநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"வேலைல உன்ன விட்டா ஆள் இல்ல. ஆனா ஃபோர்மேன்னா ஷிப்ட் முடிஞ்சதும் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுதணும். இங்கிலீஷ்ல. ஏப்ரலுக்குள்ள கத்துக்கிட்டு வா, இடம் உனக்கு."

மெஷின் சத்தத்தில் கத்திப் பேசுகிற அளவுக்கு என்னிடம் இங்கிலீஷ் இருந்தது. எழுத வராது. நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு நடந்தது. பட்டம் கிடையாது, மதிப்பெண் கிடையாது, யாரும் போகலாம். ஒன்று முதல் நான்கு வரை நிலைகள். எந்த நிலை என்று முடிவு செய்ய முதலில் ஒரு வாய்மொழித் தேர்வு.

தேர்வு என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவன் என்ன செய்வான்? நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருந்த தமிழ்ப் பேராசிரியர் வீட்டுக்கு ஓடினேன். பொங்கலுக்குச் சேர்ந்து சாப்பிட்ட பழக்கம். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார்.

"பத்து இம்பார்ட்டன்ட் கொஸ்டின், பத்து ஆன்சர். எழுதித் தரேன். உருப்போட்டுடுங்க, போதும்."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "அண்ணாக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கன்னா, பப்ளிக் எக்ஸாமுக்குத் தயார் பண்றீங்களே," என்றார்.

"உருப்போடறதுல நம்மள மிஞ்ச ஆள் இல்லீங்க அம்மிணி," என்றேன் நான். அன்றைக்கு அது பெருமையாக இருந்தது.

பத்து பதில்களும் தமிழ் எழுத்தில் என் சட்டைப் பையில் இருந்தன. பஸ்ஸில், லேத் முன்னால், குளிக்கும்போது சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற நிலைக்கு வந்தேன். தேர்வு வைத்தவர் ஓர் இளம் ஆசிரியை. ஏன் கனடா வந்தீர்கள், குளிர்காலம் எப்படி இருக்கிறது, என்ன வேலை என்று எல்லாம் பேராசிரியர் சொன்னபடியே வந்தன. குளிர்காலத்தின் கொடுமையையும் அழகையும் பற்றி நான் சொன்ன வாக்கியத்தை அவர் குறித்துக்கொண்டார். ஒரு கேள்வி மட்டும் பத்தில் இல்லை. எவ்வளவு நாள் அனுபவம் என்கிறார் போல என்று நினைத்து, "பன்னிரண்டு ஆண்டுகள்," என்று கம்பீரமாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பஸ்ஸில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டிருக்கிறார். எனக்கு நகைச்சுவை உணர்வும் உண்டு என்று முடிவு கட்டி, மூன்றாம் நிலையில் போட்டுவிட்டார்.

ஊருக்குக் கடிதம் எழுதினேன், ஒரேயடியாக மூன்றாவது என்று.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. என்னைச் சுற்றிப் போலந்துப் பல் டாக்டர், கிரேக்க வங்கிக்காரர், இப்படிப்பட்ட ஆட்கள். செய்தித்தாள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். பெல்ட் அறுந்தது, பேரிங் சூடேறியது, இரண்டு மணி நேரம் மெஷின் நின்றது என்று எழுதத்தான் நான் கற்க வேண்டியிருந்தது. அதெல்லாம் முதல் நிலையில், கூடத்தின் அந்தப் பக்க அறையில் நடந்தது. கதவு திறந்தால் கரும்பலகை தெரியும். இங்கே என் முறை வந்தால், எனக்கு முன்னால் பேசியவரைக் காட்டி, "நானும் அதையே சொல்கிறேன்," என்பேன். அந்த ஒரு வாக்கியத்தில் வாரக்கணக்காக ஓட்டினேன்.

முதல் நிலைக்கு இறங்க வேண்டும் என்று மறுபடி பேராசிரியரிடம் போனேன். "அதுக்கென்ன, ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடலாம்," என்றார். நம்மூர் விடுப்புக் கடிதம் மாதிரி, மதிப்பிற்குரிய அம்மையாருக்குத் தாழ்மையுடன் தொடங்கி, கீழ்ப்படிந்த மாணவன் என்று முடியும் ஒரு பக்கம். என் கையால் பார்த்து வரைந்தேன். எழுதினேன் என்று சொல்ல முடியாது. ஆசிரியை படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படி எழுதறவர் முதல் நிலைல என்ன கத்துக்கப் போறீங்க? உங்களுக்கு அடக்கம் ரொம்ப அதிகம்."

என்னை அடக்கமானவன் என்று சொன்ன ஒரே மனுஷி அவர்தான்.

ஜனவரியில் புதிய பருவம். இந்த முறை கடிதமும் இல்லை, மனப்பாடமும் இல்லை. பதிவு மேசைக்குப் போய், என் சொந்த இங்கிலீஷில், முதல் நிலை வேண்டும் என்றேன். மேசையில் இருந்த பெண் அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"நீங்க மூன்று முடிச்சாச்சு. அடுத்தது நான்கு."

"எனக்கு ஒன்னும் புரியல. நான் ஃபெயில்."

"இதுல மார்க்கே இல்லையே. மார்க் இல்லாம யாரும் ஃபெயில் ஆக முடியாது. ஃபெயில் ஆகாம கீழ இறங்க முடியாது."

"அப்ப ஃபெயில் போடுங்க."

"போட இடமே இல்ல, பாருங்க," என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள். உண்மையிலேயே இல்லை. எனக்குப் பின்னால் பனி ஒட்டிய பூட்ஸோடு ஒரு வரிசையே நின்றது. முதல் நிலையில் இடம் நிரம்பிவிட்டது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம், முதல் நாளே எல்லாம் உருப்போட்டு ஒப்பித்தேன் என்று. அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது வேறு. நான்காம் நிலைக்குப் போகவில்லை. வீட்டில் நானே ஒரு நோட்டு வாங்கி எழுதிப் பார்த்தேன். சரியா தப்பா என்று சொல்ல ஆள் இல்லாத எழுத்து. பேராசிரியரிடம் மட்டும் போகவில்லை, போனால் அவரே எழுதிக் கொடுத்துவிடுவார்.

ஏப்ரலில் மானேஜர் தாளை நீட்டினார். அன்று காலை ஒரு லேத் நின்றுபோயிருந்தது. ஏன் என்று எழுதச் சொன்னார். தேதி எழுதினேன், மெஷின் எண் எழுதினேன். பிறகு பென்சிலை எடுத்து, உள்ளே பல் உடைந்திருந்த கியரை அளவுகளோடு வரைந்தேன். எந்தப் பல், எந்த இடத்தில், எவ்வளவு தேய்மானம், எல்லாம் படத்தில் இருந்தது. ஒரு என்ஜினியர் வரைந்தால்கூட அப்படி வராது.

மானேஜர் தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "படம் பிரமாதம்," என்றார். "ஆனா ஹெட் ஆபீஸ்ல படத்தப் பார்க்க மாட்டாங்களே."

இடம் ஓர் இத்தாலியனுக்குப் போனது. கருவி தீட்ட அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனும் அதே கல்லூரிக்குத்தான் போனான். தேர்வில் அவன் வாயே திறக்கவில்லையாம், முதல் நிலையில் போட்டார்கள்.

பின்னால் நான் சொந்தப் பட்டறை வைத்தேன், ஆட்களை வைத்து வேலை வாங்கினேன், அது வேறு கதை. அதற்கு முன் நான்கு வருஷம், ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அந்த இத்தாலியன் அட்டையில் செருகிய ரிப்போர்ட் தாளோடு என் லேத் அருகே வந்து நிற்பான். "என்ன ஆச்சு, அண்ணே, சொல்லு," என்ற தொனியில் தலையை ஆட்டுவான். எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று நான் கத்திச் சொல்வேன். அவன் நான்கு வரி எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கொண்டுபோவான்.