ஏழு நிமிஷம் நின்ற புள்ளி

துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் ரேடார் பார்க்கும் வேலைக்கு நான் வந்து அப்போது பதினோரு வருஷம். பக்கத்து ஊரான மாசாயில் இருந்த வீட்டிலிருந்து மோட்டார்சைக்கிளில் போய் வருவேன். திரையில் மழை எப்படிப் படியும், பறவைக் கூட்டம் எப்படிச் சிதறும், பெரிய கப்பலின் இரும்பில் பட்டுத் திரும்பும் அலை எப்படிப் பொய்ப் புள்ளி காட்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

அன்று காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். கிழக்கே நான்கு மைல் தொலைவில் ஒரு புள்ளி தோன்றியது. கப்பல் என்றால் அதன் பெயரும் திரையில் வரும், இதற்கு வரவில்லை. எந்தப் படகும் போக முடியாத வேகம். ஹெலிகாப்டர் என்று நினைத்த அடுத்த கணம், பாய்ந்து வந்த அது அப்படியே நின்றுவிட்டது.

முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். எங்களுக்கு இரண்டு கோபுரங்களில் இரண்டு ரேடார். இரண்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி. விமான நிலையத்துக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் எதுவும் பறக்கவில்லை என்றார்கள்.

அருகில் ஓர் இழுவைப் படகு போய்க்கொண்டிருந்தது. கேப்டன் மலாய்க்காரர், ஓய்வு பெறும் வயது. ரேடியோவில் கூப்பிட்டு, உங்களுக்குத் தெற்கே ஒரு மைலில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

“என் ரேடாரிலும் இருக்கிறது. வெளியே பார்த்தால் கோசோங்,” என்றார். ஒன்றுமில்லை என்கிறார்: வெறும் கடல், வெறும் வானம்.

போக வேண்டாம் என்றேன். யாராவது தத்தளித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று சொல்லிப் படகைத் திருப்பினார். அவர் அதை நெருங்க நெருங்க நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அரை மைல் இருக்கும்போது எங்கள் திரைகளிலும் அவர் திரையிலும் புள்ளி ஒரே சமயத்தில் மறைந்தது. நின்றது மொத்தம் ஏழு நிமிஷம்.

எங்கள் மேற்பார்வையாளர் தங்காக் ஊர்க்காரர், தமிழர், நல்ல மனுஷன். மேலிடத்துக் கேள்விகளை நினைத்துப் பயந்தார். பதிவேட்டில் மழை என்று எழுதிவிடச் சொன்னார்.

“மழையே இல்லையே அண்ணே. இதுக்கு மழைன்னு எழுதுனா, நாளைக்கு நெஜ மழைய எழுதும்போது என்னை யார் நம்புவாங்க?”

“மேல கேட்டா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன்.”

நேரம், இடம், வேகம், மூன்று ரேடாரில் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாதது எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் ‘என்னவென்று தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டு வந்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

மறுவாரம் வந்த டெக்னீஷியன்கள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு பழுதும் இல்லை. பிறகு விசாரணை. வேற்றுக்கிரகவாசி என்று நம்புகிறாயா என்று ஓர் அதிகாரி கேட்டார். நான் எழுதியதில் அந்த வார்த்தை எங்கேயும் இல்லையே என்றேன். இஸ்திரி போட்ட சட்டையில் வந்த கேப்டனும் தான் பார்த்ததை மாற்றாமல் சொன்னார். காரணம் தெரியவில்லை என்று விசாரணை அதிகாரிகளும் எழுதிக் கோப்பை மூடினார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், பறவையாக இருக்கும் என்று கொஞ்ச நாள் கிண்டல் செய்தார். புள்ளி வந்து நின்ற விதத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, பயமாக இல்லையா என்று கேட்டார்.

“கேப்டன் அது கிட்ட போனப்ப இருந்துச்சு. எழுதும்போது இல்ல,” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து, பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் என்று சொல்லி, அந்தக் காலை ஷிப்டின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.