ஞானமுத்துவுக்கு வந்த வியாதிகள்

செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலேறி மதராஸ் இரும்புத் தொழிற்சாலைக்குப் போய்வந்த ஞானமுத்துவுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் சர்க்கார் இன்ஷூரன்ஸ் வந்தது. வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான், பெண்டாட்டிக்குக் கிடையாது.

ரயிலில் இதே சண்டைதான். "எல்லார் வூட்டையும் சர்க்காரே பாத்துகினு இருந்தா கஜானா தாங்குமா?" என்பார் தொழிற்சாலை குமாஸ்தா வாசுதேவன். ஞானமுத்துவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அவ படுத்துட்டா எனக்கேது சோறு? சோறு துன்னாம எவன்யா மிஷின்கிட்ட நிப்பான்?"

சட்டம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மனைவி ரெபேக்காளுக்கு எது வந்தாலும் தொழிலாளர் டிஸ்பென்சரிக்குப் போய், தனக்கு வந்ததாகச் சொல்லி மருந்து வாங்கிவந்தார். இருமல், முட்டிவலி எல்லாம் சுலபமாக நடந்தன. ஒருநாள் அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்: "காலைல எழுந்தா கொமட்டுது டாக்டர். மாங்கா துன்னணும்போல கீது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து டானிக் எழுதிக்கொடுத்தார்.

கடைசியில் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று உத்தரவு வந்தது. இடுப்பில் குழந்தையோடு ரெபேக்காள் முதல்முறையாக டாக்டர் முன்னால் போய் நின்றாள். ஞானமுத்து பேரிலிருந்த பழைய மருந்துச் சீட்டு மேஜைமேல் விரிந்திருக்க, மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கு வியர்த்தது.

டாக்டர் சீட்டைப் படித்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு ரெபேக்காளிடம் கேட்டார்:

"வாம்மா. முட்டிவலி இப்போ தேவலையா?"